யூனிவர்சிட்டில ஜீரோவுலேர்ந்து ஜப்பனீஸ் எடுக்கலாமா? ரெண்டு செமஸ்டர் முடிச்சிட்டு எழுதுறேன்

எந்த யூனிவர்சிட்டின்னு போட மாட்டேன், கேக்காதீங்க. குறை கொஞ்சம் நெறையவே சொல்லப்போறேன், ஆனா சொல்லிக்குடுத்த சென்செய் ரெண்டு பேரும் தங்கமான மனுசங்க, அவங்க தலைல இது விடியக் கூடாது. ரிவ்யூ கோர்ஸுக்குத்தான், ஆளுங்களுக்கு இல்ல.

நான் என்னமோ சின்ன வயசுலேர்ந்து ஜப்பான் ஜப்பான்னு கனவு கண்டு போய் சேர்ந்தேன்னு நெனச்சிடாதீங்க. இஞ்சினியரிங் படிக்கிறேன், முதல் சாய்ஸ் ஜெர்மன், கெடைக்கல. அடுத்து கொரியன், அதுல ஒரு சீட் காலியாகணும்னா கே-டிராமா பாக்குற மொத்த சிங்கப்பூரும் பட்டம் வாங்கிட்டு வெளிய போகணும் போல. ரெண்டாவது ரவுண்டுல ஜப்பனீஸ்ல காலை எட்டு மணி ஸ்லாட் ஒண்ணு மட்டும் இருந்துச்சு, ஈசூன்லேர்ந்து ஆறரைக்கெல்லாம் கெளம்பணும், சரி போட்டு வைப்போம்னு போட்டேன், கெடச்சிருச்சு. ரெண்டு வருஷம் என்எஸ்ல (கட்டாய தேசிய சேவை) மூளைக்கு லீவு விட்டுட்டு வந்தவன் நான், புது எழுத்து புது வார்த்தைன்னு உக்காந்து மனப்பாடம் பண்ண முடியுமான்னே சந்தேகம்.

மொத குறை, கோர்ஸ் பேர்ல "அடிப்படை"னு இருக்கு, முன் அனுபவம் தேவையில்லன்னு போட்டிருக்கு. மொத நாள் சென்செய் "யாரெல்லாம் புதுசு?"னு கேட்டாங்க, எல்லாரும் கை தூக்கினாங்க. அடுத்த பத்தாவது நிமிஷம் என் பக்கத்துல உக்காந்திருந்த பையன் தன்னப் பத்தி ஜப்பனீஸ்லயே ஒரு நிமிஷம் பேசுறான், அனிமே பாத்து கத்துக்கிட்டதாம், "இதெல்லாம் கணக்குல வராது"ங்கறான். செகண்டரில மூணாவது மொழியா எடுத்துப் படிச்சவங்க பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதி மேல் லெவலுக்குப் போயிடணும், அது சரி. ஆனா சப்டைட்டில் இல்லாம எட்டு வருஷமா அனிமே பாக்குறவன எந்த டெஸ்ட் வச்சு புடிக்கிறது? பெல் கர்வ்ல, அதாவது கூடப் படிக்கிறவங்களோட ஒப்பிட்டு, கிரேட் போடுற எடத்துல இது சின்ன விஷயம் இல்ல. உண்மையிலேயே ஜீரோவா வர்றீங்கன்னா மொத செமஸ்டர எஸ்-யூ (கிரேடக் காட்டாம பாஸா இல்லையான்னு மட்டும் காட்டுறது) போட்டுட்டு நிம்மதியா படிங்க. நான் அதத்தான் பண்ணேன், எனக்கு வந்தது பி மைனஸ், அத அப்படியே மறைச்சாச்சு.

எழுத்து. ஹிரகானா 46, கத்தகானா 46, மூணு வாரத்துக்குள்ள ரெண்டும் முடிக்கணும், வாரா வாரம் குவிஸ். கேக்குறப்ப பயமா இருக்கும், ஆனா தமிழ் படிச்சவனுக்கு 92 எல்லாம் ஒரு நம்பரா? 247 பாத்தவங்க நாம. இதுல இன்னொரு விஷயம், சென்செய் சார்ட்ட போட்டு அ, இ, உ, எ, ஒ-ன்னு படிச்சாங்க, நெட்டெழுத்த எடுத்துட்டா நம்ம வரிசையேதான். அப்பறம் கீழ க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நான் டக்குனு நிமிந்து உக்காந்தேன். க, ச, த, ந, ப, ம, ய, ர, வ, ஒண்ணாங்கிளாஸ்ல நாம கத்துன அதே வரிசை, நடுவுல ஹ மட்டும் இடிக்குது. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அந்த ஹ-வும் ஒரு காலத்துல ப-வா இருந்ததுதானாம். புத்த பிக்குகளோட போன சமஸ்கிருத எழுத்துப் படிப்புலேர்ந்து அந்த வரிசைய எடுத்துக்கிட்டிருக்காங்க. இத கோர்ஸ்ல ஒரு வரி சொல்லியிருந்தா கிளாஸ்ல இருந்த ரெண்டு தமிழ்ப் பசங்களும் மொத வாரமே செட் ஆகியிருப்போம். சொல்லல. கத்தகானால ஷி, த்சு, சோ, ன் நாலும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கோடு மேலேர்ந்து கீழ வருதா கீழேர்ந்து மேல போகுதாங்கறதுதான் வித்தியாசம், அதுல மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்கு சந்தேகம்தான்.

வீட்டுல இத உக்காந்து சத்தமா படிச்சிக்கிட்டு இருந்தப்ப பெரிய தாத்தா (தாத்தாவோட அண்ணன், தொண்ணூறு தாண்டிட்டாரு) ஹால்லேர்ந்து "இச்சி, நி, சான், ஷி"ன்னு பத்து வரைக்கும் கடகடன்னு சொன்னாரு. 1942லேர்ந்து 45 வரைக்கும் ஜப்பான்காரங்க சிங்கப்பூரப் பிடிச்சு இந்த ஊருக்கே ஷோனான்னு பேரு மாத்தி வச்சிருந்த காலத்துல பள்ளிக்கூடத்துல கத்துக்குடுத்தது. வேற என்ன ஞாபகம் இருக்கு தாத்தான்னு கேட்டேன், "மரவள்ளிக்கெழங்கு"ன்னுட்டு டிவி பக்கம் திரும்பிட்டாரு.

சரி, இப்ப முக்கியமான குறைக்கு வர்றேன். இந்தக் கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ் வழியா போகுது. ஸ்லைடு, டெக்ஸ்ட்புக், விளக்கம் எல்லாம். கிளாஸ்ல எல்லாருக்கும் பொதுவான மொழி அதுதான், வேற வழியில்ல, புரியுது. ஆனா ஜப்பனீஸ இங்கிலீஷ் வழியா படிக்கிறது உட்லண்ட்ஸ்லேர்ந்து ஈசூன் வர்றதுக்கு ஜூரோங் சுத்தி வர்ற மாதிரி. நான் மொத அஞ்சு வாரம் அப்படித்தான் சுத்தினேன். "வத்தாஷி வா தொஷோகான் தே ஹோன் ஓ யோமிமாஸ்"னு ஒரு வாக்கியம், ஸ்லைடுல ஒவ்வொரு துண்டுக்கும் கலர் கலரா அம்புக்குறி, இது டாபிக் மார்க்கர், இது லொகேஷன் மார்க்கர், இது ஆப்ஜெக்ட் மார்க்கர், வெர்ப்பு கடைசிக்குப் போகும், மறக்காதீங்கன்னு சிவப்புல ஒரு எச்சரிக்கை வேற. நான் அத இங்கிலீஷாக்கி, தலைகீழா திருப்பி, திரும்ப ஒட்டி, அதுக்குள்ள அனிமே பையன் அடுத்த கேள்விக்குப் போயிட்டான்.

ஆறாவது வாரம் எம்ஆர்டி ட்ரெயின்ல நின்னுக்கிட்டே அந்த வாக்கியத்த பாத்தேன். நான், லைப்ரரில, புக்க, படிக்கிறேன். அவ்வளவுதான்! ஒரு வார்த்தை எடம் மாறல. "தே"ன்னா "ல", "ஓ"ன்னா "ஐ". "கரா"ன்னா "இருந்து", "மாதே"ன்னா "வரைக்கும்", "மோ"ன்னா "உம்" (வத்தாஷி மோ, நானும்), கடைசில "கா" போட்டா நம்ம "ஆ", வந்தியா போனியா. அந்த "வா" கூட, இங்கிலீஷ்ல ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருப்பாங்க, நம்மாளு "நான் வந்து இஞ்சினியரிங் படிக்கிறேன்"னு சொல்லுவான்ல, அந்த "வந்து"தான் அது, வேற ஒண்ணும் இல்ல. செகண்டரில ஐ, ஆல், கு, இன், அது, கண்ணுனு வேற்றுமை உருபு மனப்பாடம் பண்ணப்ப இத எங்கடா யூஸ் பண்ணப்போறோம்னு திட்டினது ஞாபகம் வந்துச்சு. ஓ லெவல் முடிஞ்சு ஆறு வருஷம் கழிச்சு இங்க யூஸ் ஆச்சு.

அதுக்கப்பறம் ரெண்டாவது செமஸ்டர்ல "தே ஃபார்ம்"னு வெர்ப்புக்கு ஒரு வடிவம் வரும் (மேல சொன்ன "ல" தே வேற, இது வேற). சீனியர்ஸ் எல்லாம் பேய்க்கதை மாதிரி சொல்லுவாங்க, அங்கதான் பாதிப் பேர் விட்டுட்டு ஓடுவாங்கன்னு. உருவாக்குற விதி கொஞ்சம் கடிதான், மு-ல முடிஞ்சா ந்தே, கு-ல முடிஞ்சா இத்தே, அப்படி இப்படின்னு. ஆனா அர்த்தம்? நம்ம வினையெச்சம்ங்க அது. வந்து, போய், சாப்பிட்டு, படிச்சு. வெள்ளக்காரங்க எழுதுன விளக்கத்துல அதுக்கு ஏழெட்டு பயன்பாடு தனித்தனியா போட்டு ஒவ்வொண்ணையும் தனி இலக்கணமா மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க.

மிட்டேர்ம் முடிஞ்ச அன்னைக்கு சென்செய் ஊர்லேர்ந்து கொண்டு வந்த அரிசி பிஸ்கட் டப்பா ஒண்ண தொறந்து மேசைல வச்சிட்டு "தாபெத்தே மித்தே குதாசாய்"னு சொன்னாங்க. அது சிலபஸ்லயே இல்ல, அவங்க பாட்டுக்குச் சொன்னாங்க. கிளாஸே முழிக்குது. தாபெரு சாப்பிடுறது, மிரு பாக்குறது, சாப்பிட்டு எதப் பாக்கணும்? அந்த அனிமே பையன் கூட ஒரு செகண்ட் நின்னுட்டான். நான் எந்திரிச்சுப் போய் ஒண்ண எடுத்து வாயில போட்டுட்டேன், ஏன்னா எங்கம்மா தெனமும் அடுப்படிலேர்ந்து சொல்ற வார்த்தை அது. சாப்பிட்டுப் பாருங்க. எழுத்துக்கு எழுத்து அதே. சென்செய்க்கு ஒரே ஆச்சரியம், எப்படித் தெரியும்னு கேட்டாங்க, எங்க பாஷைலயும் பாக்குறதுன்னுதான் சொல்லுவோம்னேன். அவங்க உடனே வொயிட்போர்டுல இன்னும் ரெண்டு மூணு எழுதி இது வருமா இது வருமான்னு கேட்டாங்க. "ஷித்தே ஒக்கு", ஒக்குன்னா வைக்கிறது, செஞ்சு வை. வரும். "தாபெத்தே ஷிமாத்தா", ஐயோ சாப்பிட்டுட்டேனே. வரும். "தாபெத்தே இரு", சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அதுல அந்த இரு கூட இருதான். இதுக்கு சென்செய் சிரிச்சிட்டாங்க.

உடனே குடும்ப வாட்ஸப் குரூப்புல ஜப்பான் மொழியே தமிழ்லேர்ந்து வந்ததுதான்னு ஆரம்பிச்சிடாதீங்க. நான் இத வீட்டுல சொன்ன அன்னைக்கு ராத்திரியே மாமா அப்படி ஒரு ஃபார்வர்டு அனுப்பினாரு. சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானியப் பேராசிரியர் (1919-2008) ரெண்டு மொழிக்கும் தொடர்பு இருக்குன்னு ரொம்ப காலம் எழுதினது உண்மை, மொழியியல்காரங்கள்ல பெரும்பாலானவங்க அத ஏத்துக்கலங்கறதும் உண்மை. வெர்ப்பு கடைசில வர்றதும் உருபு ஒட்டுறதும் கொரியன்லயும் இருக்கு, துருக்கிலயும் இருக்கு. சொந்தக்காரங்களா இல்லாட்டியும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி பழகலாம்ல, எனக்கு அது போதும்.

தமிழ் காலை வார்ற எடமும் இருக்கு, அதையும் சொல்லணும். "வீட்டுல இருக்கேன்", "வீட்டுல சாப்பிடுறேன்", நமக்கு ரெண்டும் ஒரே "ல". அவங்களுக்கு இருக்குறதுக்கு "நி", ஏதாவது செய்யிறதுக்கு "தே". மிட்டேர்ம்ல அஞ்சு மார்க் அதுலயே போச்சு. அப்பறம் நாம ஆள் பேர விட்டுட்டுப் பேசினாலும் "வந்தான்", "வந்தாங்க"ன்னு வெர்ப்போட வாலே யாருன்னு காட்டிக் குடுத்துடும், ஜப்பனீஸ்ல எல்லாத்துக்கும் "கிமாஷ்தா"தான், ஆள் பேரையும் விட்டுடுவாங்க. லிசனிங் டெஸ்ட்ல யாரு வந்தா யாரு போனானு தெரியாமலே பதில் தட்டியிருக்கேன்.

எல்லாத்துலயும் பெரிய அடி நானே தேடிக்கிட்டது. வார்த்தைக்கெல்லாம் உச்சரிப்ப தமிழ் எழுத்துல குறிச்சு வச்சுப் படிச்சேன், வேகமா வந்துச்சு. நெடில் குறில், ஒற்று இதுக்கெல்லாம் தமிழ் எழுத்து அருமை. "ஒபசான்" ஆன்ட்டி, "ஒபாசான்" பாட்டி, இங்கிலீஷ்ல குறிச்சுக்கிட்டவன் எல்லாம் ஆன்ட்டிய பாட்டியாக்கிட்டு இருந்தான், நமக்கு அந்தப் பிரச்சனையே இல்ல. ஆனா க-வும் த-வும் நம்ம எழுத்துல ரெண்டு சத்தத்துக்கும் ஒண்ணுதானே. யூனிவர்சிட்டிக்கு ஜப்பனீஸ்ல "தைகாக்கு", என் நோட்டுல அப்படித்தான் இருக்கு. ஓரல் டெஸ்ட்டுக்குப் போய் கைய கட்டிக்கிட்டு உக்காந்து, நான் யூனிவர்சிட்டில ரெண்டாம் வருஷம்னு கம்பீரமா சொன்னேன். சென்செய் பேனாவ கீழ வச்சிட்டாங்க. தைரியத்துல வர்ற தை போட்டிருந்தா யூனிவர்சிட்டி. நான் தைப்பூசத்துல வர்ற தை போட்டுட்டேன், அதுக்கு அர்த்தம் படிப்ப விட்டுட்டு நிக்கிறது. அதாவது நான் படிப்ப விட்டு ரெண்டாவது வருஷமாம். அவங்க சிரிப்ப அடக்கிக்கிட்டு "திரும்பச் சொல்லுங்க"ன்னாங்க, எனக்கு என்ன தப்புன்னே தெரியல, இன்னும் சத்தமா அதையே சொன்னேன்.

காஞ்சி பத்தி, அதாவது ஜப்பனீஸ்ல எழுதுற சீன எழுத்து. ரெண்டாவது செமஸ்டர்ல வாரத்துக்குப் பத்து பன்னெண்டு வரும், இது நமக்கு மலை. ஞாயித்துக்கிழமைக்கு "நிச்சியோபி"ன்னு பேரு, மூணு எழுத்து, அதுல மொத எழுத்தும் கடைசி எழுத்தும் ஒண்ணேதான், ஆனா முன்னாடி நிச்சி, பின்னாடி பி. ஏன்னு கேட்டா அப்படித்தான். இந்த ஊர்ல இதுல ஒரு கூடுதல் கொடுமை, கிளாஸ்ல முக்கால்வாசி சீனப் பசங்க, அவங்களுக்கு இது ஃப்ரீ மார்க், படிக்கவே வேணாம், பாத்தாலே அர்த்தம் தெரியும். கோர்ஸ் ஓட்டமும் அவங்க வேகத்துலதான் போகுது, மத்தவங்களுக்குன்னு கூடுதலா ஒரு ஷீட் கூடக் கெடையாது. இத ஃபீட்பேக் ஃபார்ம்ல ரெண்டு தடவை எழுதினேன், ஒண்ணும் மாறல.

கடைசில நானே ஒரு வழி பண்ணேன். கிளாஸ்ல ஒரு சீன ஃப்ரெண்ட், அவனுக்கு காஞ்சி தண்ணி பட்ட பாடு, ஆனா வாக்கியம் சேக்க வராது, வெர்ப்பு ஏன்டா கடைசில வருதுன்னு ஒவ்வொரு வாரமும் புதுசா கோவப்படுவான். "நேத்து வாங்கின புக்"னு நாம சொல்ற மாதிரியே "கினோ காத்தா ஹோன்" வரும், அவனுக்கு அது பிடிபட ஒரு மாசம் ஆச்சு. அதனால செவ்வாக்கெழமை கிளாஸ் முடிஞ்சு கேன்டீன்ல அவன் எனக்கு காஞ்சி, நான் அவனுக்கு இலக்கணம், கோப்பி-ஓ-கொசோங் அவன் செலவு. அவனுக்கும் பள்ளம் இருந்துச்சு, கடிதத்துக்கு ஜப்பனீஸ்ல எழுதுற அதே ரெண்டு எழுத்துக்கு சீனத்துல டாய்லெட் பேப்பர்னு அர்த்தம், பாட்டிக்குக் கடிதம் எழுதினேன்ங்கற பாடத்தப் படிச்சிட்டு அவன் சிரிச்ச சிரிப்பு பக்கத்து டேபிள் வரைக்கும் கேட்டுச்சு. ஆளப் பாத்து கூட்டு சேருங்க, இந்த ஊர்ல அதுக்கு ஆளுக்கா பஞ்சம்.

நேரம் எவ்வளவு போகும்னு கேக்குறவங்களுக்கு: கிளாஸ் வாரத்துக்கு அஞ்சு மணி நேரம், அது போக தெனமும் அரை மணி நேரம் கட்டாயம், ஒரு நாள் விட்டா மறுநாள் ரெண்டு நாள் பாக்கி. நான் அன்கிங்கற ஆப்ல ஃப்ளாஷ்கார்டு போட்டு எம்ஆர்டிலயே முடிச்சிடுவேன். கோர் மாட்யூல் ரெண்டு கடினமா இருக்குற செமஸ்டர்ல இத எடுக்காதீங்க, ஈஸி ஏ-ன்னு யாராவது சொன்னா அவனுக்கு ஏற்கனவே ஜப்பனீஸ் தெரியும்னு அர்த்தம்.

ரெண்டு செமஸ்டர் முடிச்சா என்ன தேறும்? ஜப்பான் போய் வழி கேக்கலாம், பதில் புரியுமான்னு கேக்காதீங்க. ஜேஎல்பிடில (ஜப்பனீஸ் மொழித் தேர்ச்சிப் பரீட்சை) கீழ்ப்படியான என்-ஃபைவ் எழுதலாம், பரீட்சை ஜூலைலயும் டிசம்பர்லயும் வரும், 180க்கு 80 எடுத்தா பாஸ், ஆனா பகுதி பகுதியாவும் ஒரு குறைந்தபட்ச மார்க் உண்டு, அதனால லிசனிங்க கைகழுவிட்டு ரீடிங்ல தேத்திக்கலாம்னு நெனைக்காதீங்க. பேச்சுத் தேர்வே கெடையாது அதுல, எல்லாம் தேர்ந்தெடுத்துக் குறிக்கிறதுதான், என் தை மாதிரி கேஸுக்கெல்லாம் வசதி.

ஸ்டார் குடுக்கணும்னா சென்செய்ங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, கோர்ஸுக்கு மூணு. எட்டு மணி ஸ்லாட்டுக்கு மைனஸ்ல ஏதாவது இருந்தா அது. அடுத்த செமஸ்டர் மூணாவது லெவலுக்குப் போட்டிருக்கேன், இந்தத் தடவை ரெண்டு மணி ஸ்லாட் கேட்டிருக்கேன், கெடைக்காதுன்னு தெரியும்.

டெக்ஸ்ட்புக் புதுசா வாங்காதீங்க, சீனியர்ஸ்கிட்ட கேளுங்க, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைலயும் ஒரு நட நடந்து பாருங்க. என்னோட மொத ரெண்டு லெவல் புக்கையும் குடுத்துடலாம்னு இருக்கேன், ஒர்க்புக்கோட சேத்து இருபது வெள்ளி. மார்ஜின் பூரா தமிழ்லதான் குறிச்சிருக்கேன், அழிக்கல, தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு பதினஞ்சு வெள்ளி. தைகாக்கு வர்ற எல்லாப் பக்கத்துலயும் சிவப்புப் பேனால வட்டம் போட்டிருக்கும்.